அரிசி நிறைந்திருக்கிறது

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

இவருக்குச் சுகர் ஏறிக் கால் புண் ஆறாமல் கிடக்கிறது. டாக்டர் சோற்றை நிறுத்தச் சொல்லிப் பத்து நாளாகிறது. இன்று வில்லாபுரம் மளிகைக் கடையில் முதல் தடவையாக அரிசி இல்லாத சிட்டையைக் கொடுத்தேன். முட்டை, நிலக்கடலை, எள், அவ்வளவுதான்.

"என்னக்கா, அரிசியக் காணோம்?" என்றார் கடைக்கார பாய்.

நோயைச் சொல்ல வாய் வரவில்லை. "வீட்ல நெறஞ்சிருக்கு பாய்" என்றேன். உண்மைதான், டிரம் தொடாமல் கிடக்கிறது.

"சரிக்கா, அனுப்பிவிடுறேன்" என்றார்.

சாயங்காலம் கடலையோடு ஒரு மூட்டை பொன்னி அரிசியும் வந்து இறங்கியது. அரிசி தீர்ந்துவிட்டால், அதை வாயால் சொல்லக்கூடாதென்று "நெறஞ்சிருக்கு" என்றுதானே எல்லோரும் சொல்வோம். எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மூட்டையைப் பார்த்ததும் இவர் முகம் தெளிந்துவிட்டது. "இன்னைக்குச் சோறாக்கப் போறியா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. ஒரு ஆழாக்கு வடித்தேன். ரசத்தை ஊற்றித் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"போதும்டி, நெறஞ்சிருச்சு" என்று எழுந்து, நொண்டிக்கொண்டே கை கழுவப் போனார்.

அந்தச் சொல் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.