மஞ்சள் சீட்டுப் புத்தகம்

என் முதலாளியம்மாவுக்கு,

உன்னை நாலு மணி நேரம் போனில் பிடித்துவைத்திருந்தவன் வரி அலுவலகத்து ஆள் இல்லை, திருடன். நம் சேமிப்பு முழுவதும் போய்விட்டது, திரும்பி வராது. கெட்டதை முதலில் சொல்லிவிட்டேன். இனி நலம் விசாரிக்கிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

அக்கா வீட்டில் போன் அடித்தாலே நீ எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாயாம், அக்காவே சொன்னார்கள். அதனால்தான் கடிதம். விலைப்பட்டியல் எழுதியே பழகிய கை. பிழை இருந்தால் தள்ளுபடி செய்துகொள்.

வங்கிக்குப் போனேன். மேலாளர் கேட்டது ஒன்றுதான்: “ஏன் ஒரு நாள் கழிச்சு வந்தீங்க? அன்னைக்கே சொல்லியிருந்தா பாதியாவது நிறுத்தியிருக்கலாமே.” நான் என்ன சொல்வேன்? என் மனைவி திருடனைவிட எனக்குத்தான் அதிகம் பயந்தாள், மறுநாள்தான் என்னிடம் சொன்னாள் என்றா?

பிறகு நிஜமான வரி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஓர் அதிகாரியம்மா. “பாக்கி இருந்தா கடிதம் அனுப்புவோம், வாங்கினா ரசீது தருவோம். போனை வைக்காதே, வீட்டுல சொல்லாதேன்னு எவன் சொன்னாலும் அவன் திருடன். உடனே வெச்சுட்டு நீங்களே எங்களைக் கூப்பிடுங்க” என்றார்கள். கடை நடத்துகிற வீட்டம்மா எப்படி நம்பினார்கள் என்றும் கேட்டார்கள்.

அதற்கு எனக்குப் பதில் தெரியும். “பில் இல்லாம வித்தது உண்டா?” என்று அவன் கேட்டானாம். குத்துமதிப்பாக வீசிய வலை. நீ வாயடைத்து நின்றாயாம். ஏனென்றால் உண்டு. வெளியாளுக்கு வெள்ளைப் புத்தகத்தில் வரியோடு பில். தெரிந்த பிளம்பருக்கு வரியில்லாமல் மஞ்சள் சீட்டு. “மஞ்சள்ல போடு” என்பேன், போடுவாய். கடை திறந்த பத்தொன்பது வருடமும் உன் எழுத்து. “வேண்டாங்க, வயித்தைக் கலக்குது” என்று நீ சொன்னபோது, “கலக்கினா சோடா குடி” என்று பிளம்பர்கள் முன்னால் சிரித்தேன். போலி வால்வைக் கண்ணை மூடிக்கொண்டு, கையில் வாங்கியே கண்டுபிடித்துச் சொல்கிறவன் நான். அவன் பொய்யை நீ நம்புவதற்கான உண்மையை நான்தான் கடையில் அடுக்கி வைத்திருந்தேன்.

உன் அக்காவிடம் சொன்னாயாமே: “அவரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துட்டேன்க்கா. காசு போனா அவர் சம்பாதிச்சுடுவார்.” அதைக் கேட்டதிலிருந்து கல்லாவில் உட்கார முடியவில்லை. நீ என்னைக் காப்பாற்றக் கொடுத்தாய். நான் கடையாட்கள் ஐந்து பேர் முன்னால், “அறிவுகெட்டவளே, தொலைஞ்சு போ” என்றேன். நான் சொன்னதைத் தட்டாதவள் நீ. போய்விட்டாய்.

அந்த ஐந்து பேரையும் நேற்று நிற்கவைத்து, தப்பு என்னுடையது என்றேன். குழாய் அறுக்கிற பெரியவர் மட்டும், “அன்னைக்கே சொல்லியிருந்தா அம்மாவுக்கு பஸ் சார்ஜ் மிச்சம் முதலாளி” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

மஞ்சள் புத்தகங்களை எரித்துவிடச் சொன்னார் பக்கத்துக் கடைக்காரர். எல்லாவற்றையும் மூட்டை கட்டி அதிகாரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எழுத்து மனைவியுடையது, எழுதச் சொன்னவன் நான் என்று கைப்பட எழுதியும் கொடுத்தேன். இனி எவன் கூப்பிட்டு மிரட்டினாலும் உன் வாயை அடைக்க அவனிடம் ஒன்றும் இருக்காது. “நேர்ல வந்து பேசிக்கிறேன், வைடா போனை” என்று சொல்.

உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. மூக்குக்கண்ணாடியை மேசை இழுப்பறையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். வரி அலுவலகத்துத் தவணைத் தாளைப் படிக்க வேண்டுமே, செவ்வாய்க்கிழமை எடுத்து வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

கடை இருவர் பேரிலும் இருப்பதால் அந்தத் தாளில் உன் கையெழுத்தும் வேண்டும். அதற்கு அக்கா மூலம் நீ சொல்லி அனுப்பிய நிபந்தனையும் வந்தது. வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவன், இரண்டிலும் பேசவில்லை. அலுவலகம் சொன்னது: வரி பாக்கியும் அபராதமும் சேர்த்து முப்பது தவணை, மாதம் ஐந்தாம் தேதி. நீ சொன்னது: செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நீ அலுவலக வாசலுக்கு வருவாய், கையெழுத்துப் போடுவாய், வீட்டுக்கு வர மாட்டாய், நாலரை மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாய்.

சம்மதம்.

உன்
குழாய்க்கடைக்காரன்