தோடு செய்தது நான்தான்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். உன் தோள்வலி குறைந்ததா? அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நேற்று எங்கள் வெல்டிங் மேஸ்திரி வீட்டில் கூடிய பெண்கள் முன்னால் என் கம்பித் தோடுகளைக் கடைபரப்பினேன். மேஸ்திரி மனைவி காதோரம் வந்து, "ஆம்பள செஞ்சதுன்னா யாரும் வாங்க மாட்டாங்க தம்பி. உங்க தங்கச்சி செஞ்சதுன்னு சொல்லிடுங்க" என்றார்.

சுருக்கென்றது. எல்லோருக்கும் கேட்கும்படி, "பகல்ல வெல்டிங், சாயங்காலம் தோடு. ரெண்டும் இந்தக் கைதாங்க!" என்றேன். கொல்லென்று சிரித்தார்கள். பாதிப் பேர் எழுந்தே போய்விட்டார்கள். நான் குறடு எடுத்து அங்கேயே ஒரு ஜோடி வளைத்தேன். உட்கார்ந்து பார்த்த ஒரு நர்ஸம்மா அதையே வாங்கி மாட்டிக்கொண்டு, "அடுத்த வாரம் எங்க வீட்டுக்கு வாங்க" என்றார். மேஸ்திரி மனைவி இனி கூப்பிட மாட்டார். போகட்டும்.

புதுத் தோடு செய்தால் போட்டுப் பார்க்க இங்கே ஆளில்லை. காது தெரியும்படி உன் படம் ஒன்று அனுப்பு. முகமும் தெரியட்டும்.

வேலைக்குப் போகிற வேன் ஹாரன் அடிக்கிறது.

உன் தோடுக்காரன்