கபில தீர்த்தத்துச் சுவரும் ஒரு மிளகாய் பஜ்ஜியும்

அக்கா,

கபில தீர்த்தத்தில் அருவி விழ ஆரம்பித்துவிட்டது. மலையில் நல்ல மழை. ஸ்கேன் அறையைப் பூட்டிவிட்டு நேராக இங்கேதான் வந்தேன். வண்டியை விட்டு இறங்கியதுமே ஈரப் பாறை வாசனையும் தள்ளுவண்டி மிளகாய் பஜ்ஜி வாசனையும் ஒன்றாக வந்து மோதின. எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால், மழைமேல். உங்கள் பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் முடியவில்லை, இப்போது வந்து கொட்டுகிறது.

கோயிலுக்கு வெளியே, நாம் எப்போதும் உட்காரும் குட்டைச் சுவரில் உட்கார்ந்து போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பதியில் பாதிப் பிள்ளைகள் உங்கள் கையில் பிறந்தவை. அதனால் உங்களுக்கு ஓய்வு என்றாலே ஒளிந்துகொள்வதுதான். சந்திரகிரிக் கோட்டைப் புல்தரை, மிருகக்காட்சி சாலையில் கரடிக்கு எதிரே ஒரு பெஞ்சு, அப்புறம் இந்தச் சுவர். கரடி எப்போது போனாலும் தூங்கிக்கொண்டிருக்கும். "இவன்தாண்டி குடுத்து வெச்சவன். போன் இல்ல, எமர்ஜென்சி இல்ல. துன்னுட்டுத் தூங்கிகினு கீறான்" என்பீர்கள். ஆஸ்பத்திரிக்குள் தெலுங்கும் இங்கிலீஷுமாக அதட்டும் மேடம், வாசலைத் தாண்டியதும் நகரி ஊர்த் தமிழ்ப் பெண்ணாகிவிடுவார். குரல் மட்டும் குறையாது. "நைனா தறி ஓட்டற வூட்ல வளந்தவ நான். கத்தலன்னா சோறே கெடைக்காது" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தீர்கள்.

விதியும் நீங்கள் போட்டதுதான். இந்த இடங்களில் ஆஸ்பத்திரிப் பேச்சு கூடாது. எடுத்தவள் தன் பஜ்ஜியை மற்றவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்காகவே எங்கே போனாலும் உங்கள் கைப்பையில் ஒரு பஜ்ஜிப் பொட்டலம் ஒளிந்து வரும். பெரும்பாலும் தோற்பது நீங்கள். கோட்டையில் ஒரு மாமியார் மருமகளின் ஃபைலோடு ஓடிவந்து, "மேடம், ஒக்க நிமிஷம்" என்று நின்றாள். நாளைக்கு ஓபிக்கு வாருங்கள் என்று தெலுங்கில் விரட்டிவிட்டு, அவள் நாலடி போவதற்குள் திரும்பக் கூப்பிட்டு ஃபைலை வாங்கிப் பார்த்தீர்கள். நான் உங்கள் பஜ்ஜியை எடுத்துக்கொண்டேன். "அநியாயம்டி! பேச்ச எடுத்தது அந்தம்மா" என்று வழியெல்லாம் சண்டை.

கோடை முடியும் சமயம், ஒரு மத்தியானம். இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே என் அறைக்கு வந்து நீங்களே கட்டிலில் ஏறிப் படுத்தீர்கள். "பசியே எடுக்கலடி. சும்மா ஒரு தபா வயித்தப் பாரு." ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததுமே ஈரலில் தெரிந்துவிட்டது. ஒன்றல்ல, பல கட்டிகள். ஸ்கேன் செய்கிறவர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மற்றவர்களிடம் அது செல்லும். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தீர்கள். குழந்தையின் துடிப்பைத் தாய் பார்க்கட்டும் என்று எத்தனையோ முறை அந்தத் திரையை என்னைத் திருப்பச் சொன்னவர், அன்று, "அந்தப் பக்கம் திருப்பிக்கோடி" என்றீர்கள். திருப்பினேன். நீங்கள் வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "சாயங்காலம் கபில தீர்த்தம் போலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆபரேஷனுக்குப் போனீர்கள்.

மாலையில் இதே சுவர். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என் கையிலிருந்த பஜ்ஜியைக் காட்டினீர்கள். "பேசினா போச்சு."

அதன் பிறகு எல்லாமே அப்படித்தான். சென்னையில் பார்த்த பெரிய டாக்டரும் கையை விரித்துவிட்டார். நாம் கரடியைப் பார்க்கப் போனோம். கோட்டைப் புல்தரையிலிருந்து எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தீர்கள். கண்ணில் மஞ்சள் ஏறியது. பஜ்ஜியை மோந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவீர்கள். இவ்வளவு படித்து, இத்தனை மெஷின்களை வைத்துக்கொண்டு, நாம் இருவரும் கரடியின் தூக்கத்தைப் பற்றிப் பேசினோம். நான் என்ன செய்திருக்க முடியும், அக்கா? ஒன்றும் முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றுதான். "அருவி வுழறத ஒரு தபா பாத்துட்டா போதும்டி." ஐப்பசி முழுக்க உங்களைக் கைத்தாங்கலாக இங்கே அழைத்து வந்தேன். பாறை காய்ந்து கிடந்தது. "வரும்டி. மலைக்கு அந்தாண்ட கறுத்துகினு கீது பாரு" என்று நீங்கள்தான் எனக்குத் தைரியம் சொன்னீர்கள். வானம் வெளுத்துத்தான் இருந்தது. ஒரு மழையைக்கூட என்னால் உங்களுக்கு வரவழைக்க முடியவில்லை.

இப்போது அருவிச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில் வாய்விட்டுச் சொன்னேன்: "அக்கா, ஈரல் பூரா பரவிக்கினு கீதுக்கா. எனக்கு பயமா கீது." இத்தனை மாதம் தொண்டையிலேயே வைத்திருந்தது. பஜ்ஜி போடுகிற அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

விதிப்படி என் பஜ்ஜியை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்திருக்கிறேன். தூறலில் ஊறிக்கொண்டிருக்கிறது. நான் தோத்துட்டேன், எடுத்துக்கோங்கக்கா.