அரம் போட்ட துளைகள்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். என் தொப்பை குறைந்துவிட்டதாக அக்காவிடம் சொல்லிவையுங்கள். பொய்தான், ஆனால் அவளுக்கு ஒரு நிம்மதி.

நீங்கள் கட்டுகிற பள்ளி விளையாட்டரங்குக்கு நான் கணக்குப் போட்ட வலைக்கூரை என் கணினியில் ஜம்மென்று நிற்கிறது. மெல்லிய குழாய்களால் பின்னிக் கவிழ்த்த கிண்ணம். புயலை ஏவினேன், நிலநடுக்கத்தை ஏவினேன், அசரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை ஆட்டுகிறேன். எழுந்தால் என் முழங்கால்தான் ஆடுகிறது.

அங்கே வேலை எந்த மட்டில்?

உங்கள் செல்ல மச்சினன்

மார்ச் 9

மாப்பிள்ளை,

தொப்பைக் கதையை உன் அக்கா நம்பவில்லை.

கூரை ஏறிவிட்டது. கிழக்கு ஓரத்தில் குழாய்த் துளையும் இணைப்புத் தட்டின் துளையும் ஒன்றோடொன்று சேரவில்லை. ஆட்கள் திருதிருவென்று முழித்தார்கள். "அரத்தை எடுங்கய்யா" என்றேன். துளைகளை நீளவாட்டில் ராவி போல்ட்டை நுழைத்து, மேலே வெள்ளைப் பெயின்ட். உன் கணினியே நேரில் வந்தாலும் கண்டுபிடிக்காது!

இருபதாம் தேதி கூரையைக் கீழிருந்து தாங்குகிற முட்டுகளை எடுக்கிறோம். எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஒப்பந்தம், தெரியுமில்லையா?

அத்தான்

மார்ச் 13

அத்தான்,

படித்ததும் டீ புரையேறிவிட்டது. ஒரு போல்ட்டும் நகராது என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன். ராவிய துளையில் நகரும். கணினியில் அப்படி மாற்றிக் காற்றை விட்டேன். கிழக்கு ஓரம் தட்டையானது. நிலத்தை லேசாக ஆட்டினேன். பந்து நசுங்குகிற மாதிரி உள்ளே போய்விட்டது. ஒரு குழாய் மடங்கினால் பக்கத்துக் குழாயையும் கூட்டுச் சேர்க்கிறது, நம் வீட்டுச் சண்டை மாதிரி.

கீழே பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள். முட்டுகளை எடுக்காதீர்கள். பள்ளியில் நீங்களே சொல்லிவிடுங்கள், அத்தான். என்னைச் சொல்ல வைக்காதீர்கள்.

மச்சினன்

மார்ச் 15

மாப்பிள்ளை,

ஆடுவது உன் படம், என் கூரை இல்லை. மேலே ஏறிக் குதித்தே பார்த்துவிட்டேன், சிணுங்கக்கூட இல்லை. என் எடை உனக்குத் தெரியும். இது வெளியே போனால் இனி எவன் எனக்கு வேலை கொடுப்பான்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு.

அத்தான்

மார்ச் 17

அத்தான்,

நீங்கள் குதித்தால் கீழே மட்டும்தான் அமுக்குவீர்கள்; நிலநடுக்கம் பக்கவாட்டில் பிடித்து இழுக்கும்.

பள்ளிக்கு இன்று எழுதிவிட்டேன். அக்கா போனை எடுக்கவில்லை. ஒரு வரி போடுங்கள், திட்டியாவது.

மச்சினன்

மார்ச் 24

கணக்குப் போடுகிறவருக்கு,

முட்டுகள் எடுக்கப்படவில்லை. வேலை நின்றுவிட்டது. ஆட்களை அனுப்பிவிட்டேன். நீங்கள் இனி எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். என் மனைவியும் அதையே சொல்கிறாள்.

கூரையைச் சரிசெய்யும் கணக்கும் உங்களிடம்தான் வரும் என்று பள்ளியில் சொன்னார்கள். அதற்காக மட்டும் எழுதுகிறேன்: வடக்கு ஓரத்திலும் ராவியிருக்கிறோம். அதையும் சேர்த்து ஆட்டிப் பாருங்கள்.

கூரை ஒப்பந்தக்காரர்