அப்பாவின் பாரச் சோதனை

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அப்பாவின் வயிறும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவின் வயிற்றை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ அன்றைக்கு "என் மேல நம்பிக்கை வந்தப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாயே. எனக்கும் வீம்பு, யாருடைய மகள் நீ! நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ரோட்டில் ஓடாதே என்றேன், நீ டாக்டரே ஓடலாம் என்றுவிட்டார் என்றாய், எந்த டாக்டரோ, நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, "அதைக் குலுக்கி எடுக்கணும்னு உனக்கு என்னடி தலையெழுத்து" என்று கேட்டுவிட்டேன். பயத்தில் வந்த வார்த்தை கண்ணு அது. அன்றிலிருந்து போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன், கேஸ்காரர்தான் பேசுகிறார், நீ இல்லை.

நான் அழுதேன். உன் அப்பா அழவில்லை, தையல்காரரிடம் போனார். உனக்குத் தெரியாததா, காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதகராக இருந்த மனிதர், மணல் மூட்டைகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் ஒரு லிஃப்டிலும் ஆளை ஏற விட்டதில்லை. "டாக்டரும் வாய் வார்த்தையா ஓடலாங்கிறாரு, நீயும் வாய் வார்த்தையா வேணாங்கிற, யாராவது பாரம் ஏத்திப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். தானே வயிற்றில் பாரம் கட்டிக்கொண்டு ஓடிப் பார்க்கப் போகிறாராம். மணல் மூட்டையைத்தான் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை, உள்ளே இருப்பது தண்ணீரில் மிதக்கிறதாம், மணல் சரிப்படாதாம். ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பை இரண்டில் தண்ணீர் நிரப்பி, அதை வைத்துக் கட்டிக்கொள்ள ஒரு இடுப்புப் பட்டை தைக்கச் சொல்லியிருக்கிறார். தையல்காரர் அளவெடுத்துக்கொண்டே "எத்தனாவது மாசம்ண்ணே?" என்று கேட்க, இவர் சிரிக்காமல் "ஆறு" என்றாராம். அப்புறம் தினமும் காலையில் அந்த வயிற்றோடு தெருவில் ஓட்டம். முதலில் தெருவே சிரித்தது, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். ஆனால் சிரிப்பு எத்தனை நாளைக்கு? கொஞ்ச நாளில் அக்கறை காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தானாம், வயசுக்காக இல்லை, மாசமாக இருப்பதற்காக. மாடிவீட்டு அக்கா புளிப்பாகத் தின்னக் கேட்கும் என்று எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினாள், இவர் வெட்கமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு நாள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, வீங்கின மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பிடித்துவிடு என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம், "உங்க மகளை நான் சுமந்தப்ப ஒரு நாள் என் காலைத் தொட்டிருப்பீங்களா?" என்று கத்திவிட்டேன். மனிதர் தன் காலை இறக்கிவிட்டு, கீழே உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டார். பிடிக்கத் தெரியவில்லை, கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி இருந்தது, இருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வாரம்தான் வினை வந்தது. உனக்கு மாசம் ஏறுகிறதே என்று பைகளைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு கிளம்பியவர், தெரு முக்கில் மருந்துக்கடை எதிரே கல் தடுக்கி விழுந்தார். பை இரண்டும் டப்பென்று வெடித்து, கால் வழியாகத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. தினமும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இவரைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன மருந்துக்கடைப் பெண், என்ன ஏது என்று யோசிக்காமல் "ஐயையோ, பனிக்குடம் உடைஞ்சிருச்சு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று அலறிவிட்டாள். யாரோ கூப்பிட்டும் விட்டார்கள். பிரசவப் பெட்டியோடு குதித்து இறங்கிய நர்ஸ், யாருக்கு வலி என்று கேட்டிருக்கிறாள். கூட்டம் மொத்தமும் அப்பாவைக் காட்டியது, இவரும் சுளுக்கின காலைப் பிடித்துக்கொண்டு "எனக்குத்தாம்மா" என்றாராம்! எனக்குச் சேதி வந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். நான், அம்மாடி, பால் பொங்கி வழிந்தாலும் நடந்துபோய் அணைக்கிறவள், ஓடினேன். தெரு நெடுக அவரையும் உன்னையும் அந்தத் தையல்காரரையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஓடினேன்.

பிரசவ வலி என்று கூப்பிட்டதால் நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டே கதையைக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வந்ததுதான் வந்தோம் என்று நானும் வெட்கத்தை விட்டு, நீ முன்பிருந்தே ஓடுகிறவள் என்பதையும் சொல்லி உன் விஷயத்தைக் கேட்டேன். முன்னாடியே ஓடிப் பழகினவதானே, அவ டாக்டர் பார்த்துச் சரின்னா ஓடட்டும், குழந்தை உள்ளே பத்திரமாத்தான் இருக்கும், ஓடும்போது மூச்சு முட்டாம பேச முடியணும், அதுதான் வேகத்துக்கு அளவு, தலை சுத்தினாலோ வலி, கசிவுன்னு எது தெரிஞ்சாலோ உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும் என்றாள். அன்றைக்கு நீயும் இதையேதானே சொன்னாய்? நான்தான் காதில் வாங்கவில்லை. படுக்கையிலிருந்து உன் அப்பா "இவளும் தெரு பூரா பேசிக்கிட்டேதான் ஓடி வந்தா டாக்டர், மூச்சே வாங்கலை" என்று எனக்கும் சேர்த்துச் சான்று கொடுத்தார்.

அதனால் ஓடு கண்ணு. என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், குட்டி வெளியே வந்து அழுகிற சத்தம் கேட்கிறவரை அது போகாது. அதை நான் இங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மேடு பள்ளமான ரோட்டில் போகாதே, உன் அப்பா கதி தெரியுமில்லையா, தண்ணீரை வேளாவேளைக்குக் குடி, கால் வீங்கினால் பெரிய ஷூ வாங்கிக்கொள். இன்னொன்று. பேசிக்கொண்டே ஓட வேண்டுமென்றால் பேச ஒரு ஆள் வேண்டாமா? மாப்பிள்ளை விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுகிறார், நீ யாரோடு பேசுவாய்? தனியாகப் பேசிக்கொண்டு ஓடினால் பைத்தியம் என்பார்கள், இந்தக் குடும்பத்துக்கு ஒன்று போதும். போனைக் காதில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடு. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. பேச எதுவும் இல்லையென்றால் என்னைத் திட்டு, நான் ம் கொட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்கு மூச்சு வாங்கினால் முதலில் எனக்குத்தான் தெரியும், மெதுவாகப் போடி என்பேன், வேறெதுவும் சொல்ல மாட்டேன்.

தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குலுங்கினாலும் சரி, நலுங்கினாலும் சரி, நல்லபடியாக வந்து சேரட்டும். மறக்காமல் எத்தனாவது மாசம் நடக்கிறது என்று சரியாகச் சொல், கால் சரியானதும் அந்தப் பாரத்தையும் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று உன் அப்பா புதுப் பை வாங்கி வைத்திருக்கிறார்.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா.