துணியில் நிற்காத உப்பு

என் உயிரான ஜெசிந்தா அக்காவுக்கு,

நம் கிணற்றுத் தண்ணீர் இன்னும் கண்ணாடி மாதிரித்தான் கிடக்கிறது. வாயில் வைத்தால் கரிக்கிறது. தோல் பதனிட்டு உப்புக்கழிவை நம் மண்ணில் விட்ட பக்கத்துத் தோல் ஷாப்பைப் பூட்டி வருஷக்கணக்காகிவிட்டது. தென்னைகள் ஒவ்வொன்றாகக் கருகி, இப்போது ஒன்றுகூட இல்லை.

முதன்முதலாகக் கரித்தபோது அப்பா வேட்டியை மடித்துக் குடத்து வாயில் கட்டி வடிகட்டினாரே, ஞாபகமிருக்கிறதா? ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்த நீ பக்கத்தில் வந்து நின்றாய்.

“சேறுன்னா துணியில தங்கும்ப்பா. இது கரைஞ்சுபோச்சு. எம்புட்டு வேட்டி கட்டுனாலும் தண்ணியோடயே எறங்கிரும்.”

“அப்ப இது தண்ணியில்லங்குறியா?”

“கலவைப்பா.”

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நீ ஒரு சட்டித் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினாய். அடியில் படிந்ததைச் சுரண்டிப் பொட்டலம் கட்டி, ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு திண்டுக்கல்லில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியைப் பார்க்கப் போனாய். நானும் கூட வந்தேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தெளிவாத்தானேம்மா இருக்கு?”

நீ பொட்டலத்தை அவர் மேசையில் கொட்டினாய். “இதுவும் அந்தத் தெளிவுக்குள்ளதான் சார் இருந்துச்சு.”

அவர் பியூனைக் கூப்பிட்டு மேசையைத் துடைக்கச் சொன்னார்.

அதன்பிறகு நல்ல தண்ணீருக்கு நத்தம் ரோட்டைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. நான் குடத்தை எடுத்தால் பிடுங்கிக்கொள்வாய். “வயித்துப்புள்ளக்காரி, உக்காரு. செத்த நேரத்துல வாரேன்.” அன்றும் அப்படிச் சொல்லித்தான் சைக்கிளை எடுத்தாய். உன்னை அடித்த லாரி நிற்கவேயில்லை. நாங்கள் ஓடிவந்தபோது ரோடெல்லாம் தண்ணீர். அக்கா, ஒரு குடம் தண்ணீருக்கா நீ போகணும்?

அப்பா உன் கல்லறைக்கு இன்றுவரை வரவில்லை. காலையில் எழுந்ததும் குடத்து வாயில் துணியைக் கட்டுகிறார். நாங்கள் யாரும் தடுப்பதில்லை.

அன்று என் வயிற்றிலிருந்தவள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். உன் பெயர்தான் அவளுக்கும். போன வாரம் தனிமம், சேர்மம், கலவை என்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“கலவையப் பிரிச்சுரலாம்னு போட்டிருக்கேம்மா. அப்ப நம்ம கிணத்த ஏன் யாருமே பிரிக்கல?”

அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். உள்ளே நின்று அழுதேன். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நல்ல சேதி எதுவும் என்னிடம் இல்லை, அக்கா. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அவளிடம் பொய் சொல்ல மாட்டேன். பிரித்திருக்கலாம், நம்மை ஏனென்று கேட்க ஆளில்லை என்று சொல்லிவிடுவேன். அடுத்து அவள் என்ன கேட்பாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா