தீவுப் படமும் எண்ணெய்க் கறையும்

தரணிக் கண்ணுக்கு,

எது நடந்தாலும் முன்னமே சொல்லிவிடுகிறவன் நான். அவிநாசி தியேட்டரில் அந்தத் தீவுப் படத்தில் தென்னந்தோப்பில் பிணம் கிடந்த உடனே, சமையல்காரிதான் கொலைகாரி என்றேன். தியேட்டரே எழுந்து கைதட்டியது. நீ மட்டும், "செத்த நேரம் சும்மா இருங்க மாமா" என்றாய்.

கடைசியில் துப்பறிகிறவர் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டிக் கொலைகாரியைக் காட்டினார். உன் கம்பெனி வெள்ளை பனியனில் எண்ணெய்க் கறை வந்தபோது நானும் அதையே செய்தேன். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தி, டெய்லர் ராமுத்தாய் கையில் எண்ணெய் டப்பாவைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னேன். அவளை வேலையை விட்டு அனுப்பியது நீ. இப்போது பொய்யன் நானா?

நேற்று போனில் எனக்கே பாடம் எடுக்கிறாய். "கறை நேர்கோடா ஓடுதுங்க மாமா. துணி பின்னற நிட்டிங் மெஷின்லயே ஊசி எண்ணெய் ஒழுகியிருக்குது. தைக்கறவ என்ன பண்ணுவா?" பனியன் தொழிலையே திருப்பூருக்குக் கொண்டுவந்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

நீ போய்க் கூப்பிட்டும் அவள் வரவில்லையாம். "பாத்தேன்னு சொன்னவரு அதே டேபிள்கிட்ட நின்னு சொல்லட்டும், பொறவு வாரேன்" என்றாளாம். என்ன திமிர்.

திங்கட்கிழமை காலையில் வருகிறேன். எல்லோரையும் நிறுத்தி வை. அவள் கையில் நான் எந்த டப்பாவையும் பார்க்கவில்லை.

கோபத்துடன்,
உன் தாய்மாமன்